கவலைக்குப் பசிக்கும் வயிறு

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்றைக்கும் அப்படித்தான். பங்காளி வீட்டிலிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ சோறு வரும். பக்கத்து வீட்டு அம்மா தட்டில் பிசைந்து வைத்துக்கொண்டு, "ரெண்டு வாயாவது வைப்பா, ஒடம்பு தாங்காது" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். வாயில் வைத்தாலும் இறங்காது. கொள்ளி வைத்த மகன் வெறும் காப்பியிலேயே நாளைக் கடத்துவான். சில மாதம் கழித்து, அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய வட்டிக்கடன் கழுத்தை இறுக்கும்போது, அதே மகன் ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து நாலு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றச் சொல்வான். வீட்டுக்கு வந்தபிறகும் அலமாரியில் இருக்கும் மிக்சர் டப்பாவைத் தேடுவான்.

ஒரு துயரம் பசியை அடைத்துவிட்டது, இன்னொரு துயரம் அதே வயிற்றில் பசியைக் கிளப்பிவிட்டது. இரண்டுக்கும் காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

திடீரென்று ஒரு நெருக்கடி வந்தால் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், சி.ஆர்.எச். என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். அது பசியை அடக்கும் பொருள். அதே கணத்தில் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் பாயும். நெஞ்சு படபடக்கும், குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குத் திரும்பும், இரைப்பை வேலையை நிறுத்தி வைக்கும். உயிர் தப்ப வேண்டிய நேரத்தில் செரிமானத்துக்கு அவசரமில்லை. துக்க வீட்டில் சோறு இறங்காததற்குக் காரணம் இதுதான்.

சில நிமிடங்களில் இன்னொரு வேலையும் தொடங்கிவிடுகிறது. பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் தகவலால் அட்ரினலில் இருந்து கார்டிசால் சுரக்கிறது. ஈரல் வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுவதும், ஆபத்து நீங்கியபின் செலவானதை நிரப்பிக்கொள்ளச் சொல்வதும் கார்டிசாலின் பொறுப்பு. சிறுமலையில் காட்டுமாடு துரத்தி ஓடி வந்தவருக்கு இது மிகச் சரியான ஏற்பாடு. பூட்டுப் பட்டறையில் உட்கார்ந்தபடியே, வெள்ளிக்கிழமை கட்ட வேண்டிய குழுக்கடன் தவணையை நினைத்துக்கொண்டிருப்பவர் எங்கும் ஓடவில்லை. அவருக்குள் எதுவும் செலவாகவில்லை. ஆனாலும் நிரப்பச் சொல்லும் உத்தரவு வந்துவிடுகிறது. கவலை நாள் முழுக்க நீடித்தால் உத்தரவும் நாள் முழுக்க நீடிக்கும்.

ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆய்வாளர் 1936-இல் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு கடிதத்தில்தான் இந்த ஆராய்ச்சி வேர்விட்டது. குளிர், காயம், விஷம் என எதைக் கொடுத்தாலும் எலிகளின் உடம்பு ஒரே மாதிரியான மாற்றங்களைக் காட்டுகிறது என்று அவர் கண்டார். பின்னால் இதையே மன அழுத்தம் என்று உலகம் பேசத் தொடங்கியது. அழுத்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள கணக்கைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மேரி டால்மன். 2003-இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: நெடுநாள் நெருக்கடிக்கு ஆளான எலிகள் சர்க்கரையையும் கொழுப்பையும் தேடித் தின்றன, தின்றபின் அவற்றின் நெருக்கடிச் சுரப்புகள் உண்மையிலேயே தணிந்தன.

தின்றால் மனசு ஆறுகிறது என்பது பிரமை இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. கொஞ்ச நேரத்துக்கு நிஜமாகவே ஆறுகிறது. மூளை அந்தக் கொஞ்ச நேரத்தைப் பத்திரமாக நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை மேலாளர் திட்டினாலும், பிள்ளையின் மதிப்பெண் குறைந்தாலும், கை முதலில் போகும் இடம் இனிப்புப் பெட்டிதான். மனிதர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வாளர் எலிஸா எப்பல் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களுக்கு ஆய்வுக்கூடத்தில் நெருக்கடியான பணிகளைக் கொடுத்துவிட்டுத் தின்பண்டங்களை எதிரே வைத்தார்கள். கார்டிசால் அதிகம் சுரந்தவர்கள், குறைவாகச் சுரந்தவர்களைவிட அன்று கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இனிப்பின் பக்கமே அவர்கள் கை அதிகம் போனது.

எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. அழுத்தம் வந்தால் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் அதிகம் சாப்பிடுகிறார்கள், ஏறத்தாழ அதே அளவு பேர் குறைவாகச் சாப்பிடுகிறார்கள், மிச்சப் பேரிடம் பெரிய மாற்றம் இல்லை என்பது இத்துறையினர் சொல்லும் உத்தேசக் கணக்கு. இந்தப் பிரிவினை திண்டுக்கல் போன்ற ஊருக்கு ரொம்ப முக்கியம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

திண்டுக்கல் என்றதும் எல்லோரும் பிரியாணியைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் பார்ப்பார்கள். 1957-இல் நாகசாமி நாயுடு 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்' என்று ஆரம்பித்த கடையும், அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையால் அதற்கு அமைந்த பெயரும் இன்று கடல் கடந்து போயிருக்கின்றன. சீரகச் சம்பா அரிசி, இளம் ஆட்டுக்கறி, தயிர், எலுமிச்சை எல்லாம் சேர்ந்த ஒரு தட்டில் கலோரி கூடுதல்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பத்தோடு உட்கார்ந்து, பசித்து, ருசித்து, வயிறு நிறைந்ததும் கையைக் கழுவி எழுந்துவிடுகிற அந்தச் சாப்பாட்டின் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அது கொண்டாட்டம். நாம் பேசும் பிரச்சினை அங்கே இல்லை. அது பெரும்பாலும் யாரும் பார்க்காத நேரத்தில், யாரும் கணக்கில் சேர்க்காத பண்டங்களில் இருக்கிறது: ஒரு நாளில் ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, கூடவே ஒரு வடை அல்லது பஜ்ஜி, பிள்ளைகள் தூங்கியபின் டி.வி. முன்னால் காலியாகும் சேவுப் பொட்டலம்.

வயிற்றுப் பசியையும் மனப் பசியையும் பிரித்துப் பார்க்க ஒரு சோதனையைச் சொல்வேன். அந்த நேரத்தில் ஒரு சட்டி பழைய சோறும் நாலு சின்ன வெங்காயமும் எதிரே இருந்தால் சாப்பிடுவீர்களா? ஆமாம் என்றால் அது பசி, தாராளமாகச் சாப்பிடுங்கள். "ம்ஹும், அது வேண்டாம், ஏதாவது மொறுமொறுன்னு வேணும், இனிப்பா வேணும்" என்று தோன்றினால், கேட்பது வயிறு இல்லை. உண்மையான பசி மெல்ல ஏறும், எதைக் கொடுத்தாலும் ஏற்கும், நிறைந்ததும் நின்றுவிடும். கவலைப் பசி சட்டென்று வரும், குறிப்பிட்ட பண்டத்தையே கேட்கும், வயிறு நிறைந்தும் நிற்காது, முடிந்ததும் ஒரு குற்ற உணர்ச்சியை விட்டுவிட்டுப் போகும். அந்தக் குற்ற உணர்ச்சியே அடுத்த அழுத்தமாகி அடுத்த பொட்டலத்தைப் பிரிக்க வைக்கும்.

கவலையோடு தூக்கமும் கெட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, இனி நூற்பாலைகளுக்கு வருவோம். வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் மழையை நம்பிய மானாவாரி நிலங்கள் கைவிட்டபோது, இந்தச் சமவெளியின் வீடுகளைத் தாங்கியது பஞ்சு மில்தான். தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் வேலை பார்க்கக் கூடாது என்றிருந்த சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு செல்லாது என்று அறிவித்தது. சமத்துவம் என்ற அளவில் அது நியாயமான தீர்ப்பு. அதன்பின் இரவு ஷிப்ட் பெண்களுக்கும் வழக்கமாகிவிட்டது.

காலையில் கரூர் சாலையில் மில் வேன் நின்று இறங்கும் பெண்களைக் கவனித்துப் பாருங்கள். தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். கண் சிவந்திருக்கும். சிலர் முக்கு டீக்கடையில் ஒரு டீயும் பன்னும் வாங்கி நின்றபடியே முடிப்பார்கள். வீட்டுக்குப் போனதும் படுக்க முடியாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும். பத்து மணிக்கு மேல், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பக்கத்து வீட்டு மிக்சி சத்தத்துக்கு நடுவில் தூக்கம். எப்படிப் பார்த்தாலும் நாலு மணி நேரம் தேறினால் அதிகம்.

அந்த நாலு மணி நேரக் கணக்கை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரமும் இன்னும் இரண்டு இரவு 10 மணி நேரமும் படுக்க வைத்துப் பரிசோதித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். தூக்கம் குறைந்தபோது, "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. "கொண்டு வா" என்று சொல்லும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. பசி 24 சதவீதம் ஏறியது; இனிப்பு, உப்புத் தீனி, மாவுப் பண்டங்களின் மேல் ஆசை அதைவிடவும் ஏறியது. இரண்டே இரவில் இவ்வளவு. வருடக்கணக்கில் இதைச் செய்கிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

தூக்கம் குறைவது ஒரு பாதி, நேரம் புரண்டுபோவது மறு பாதி. நம் ஒவ்வொரு உறுப்புக்கும் தனிக் கடிகாரம் உண்டு. அதன் மரபணு இயக்கத்தைக் கண்டுபிடித்த மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கணையம் ஓய்வு நிலையில் இருக்கும். அப்போது உள்ளே போகும் சோற்றை அது பகல் போலக் கையாளாது. பாஸ்டனில் ஆய்வாளர் பிராங்க் ஷீரின் குழு 2009-இல் வெளியிட்ட பரிசோதனையில், 10 பேரின் இரவையும் பகலையும் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். இன்சுலின் 22 சதவீதம் கூடுதலாகச் சுரந்தும்கூட ரத்தச் சர்க்கரை 6 சதவீதம் ஏறியே நின்றது. லெப்டின் 17 சதவீதம் சரிந்தது. சாப்பிட்டது அதே சாப்பாடுதான்.

அழுத்தத்தில் சிலர் அதிகம் சாப்பிடுவதும் சிலர் குறைப்பதுமாக மேலே சொன்ன பிரிவினை இங்கேதான் வருகிறது. லண்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒயிட்ஹால் ஆய்வில் இருந்து 2006-இல் ஒரு முடிவு வந்தது. வேலை அழுத்தம் அதிகமிருந்த ஆண்களில் ஏற்கெனவே குண்டாக இருந்தவர்கள் மேலும் எடை கூடினார்கள், ஒல்லியாக இருந்தவர்கள் மேலும் இளைத்தார்கள். லண்டன் அலுவலகத்தையும் வேடசந்தூர் மில்லையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. ஆனாலும் இந்த ஊரில் நான் பார்ப்பது அதுதான். ஒரே மில்லில், இரவு முழுக்க நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரங்களுக்கு நடுவில் நடக்கும் பெண் வருடத்துக்கு வருடம் மெலிகிறார். நாற்காலியில் உட்கார்ந்து உற்பத்திக் கணக்குக்குப் பதில் சொல்லும் மேற்பார்வையாளருக்குத் தொப்பை ஏறுகிறது. அந்த மெலிவைப் பார்த்து "நல்லாத்தான் இருக்கா, ஒல்லியா" என்று சொல்லிவிடுகிறோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம். அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9 சதவீதமாக இருந்தது. அதே 2019-21 ஆய்வில் 12.6 சதவீதம் பெண்களுக்கு எடை இருக்க வேண்டியதைவிடக் குறைவு, 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், இரண்டும் இருக்கின்றன.

ஒல்லியாக இருப்பதையே ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவர் படத்தையும் சேர்த்து வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் உடம்பு கைகாலில் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் வாகு கொண்டது. கார்டிசாலின் கண்ணும் அந்த இடத்தின் மேல்தான். குடலைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசுவில் அதை ஏற்கும் வாங்கிகள் மற்ற இடங்களைவிட அதிகம். அதனால் கவலையில் ஏறும் எடை பெரும்பாலும் இடுப்பில் ஏறுகிறது. அங்கிருந்து இன்சுலின் எதிர்ப்பும் சர்க்கரை நோயும் அதிகத் தூரம் இல்லை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆரின் 'இந்தியாப்' (INDIAB) ஆய்வு, நாட்டில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்றது. வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம் பேருக்கு. எடை இயந்திரத்தில் ஏறுவதைவிட, தையல்காரரின் டேப்பை எடுத்துக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நமக்கான எல்லை.

விவசாயியின் கதை வேறு வகை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளிப் பெட்டியை ஏற்றிவிட்டு வந்தவருக்கு அன்றைய விலை என்ன என்பது கமிஷன் கடைக்காரர் சொல்லும்வரை தெரியாது. பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாத நாளில் பெட்டியோடு கொட்டிவிட்டு வருவார். அன்று ராத்திரி அவர் சாப்பிடுவது சோறாக இருக்காது. டாஸ்மாக் கடையில் வாங்கும் குவார்ட்டரும், அதற்குத் தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்ததும்தான். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. கொழுப்புக்கு அடுத்த இடம். குடித்த ராத்திரியில் தூக்கமும் கெடுகிறது, மறுநாள் கிரெலின் தன் வேலையைக் காட்டுகிறது. இவருக்கு "எண்ணெயைக் குறைங்க" என்று எழுதிக்கொடுத்து அனுப்பும் மருத்துவச் சீட்டால் பெரிதாக எதுவும் நடக்காது. அவர் வயிற்றை ஆட்டிவைப்பது தக்காளி விலை.

இங்கேதான் உணவுக் கட்டுப்பாட்டு மோகம் நம்மை இன்னும் கெடுக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். பேலியோ, கீட்டோ, ராத்திரிப் பட்டினி என்று ஒன்றை ஆரம்பித்து, பத்து நாள் வாயைக் கட்டி, பதினோராவது நாள் ஒரு கல்யாண வீட்டில் ஒரு ஜாங்கிரியில் உடைந்து, "போனது போச்சு" என்று மொத்தமாகக் கைவிடுபவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். இது ஆய்வுக்கூடத்தில் 1975-லேயே தெரிந்த விஷயம். ஆய்வாளர்கள் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் பெண்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீம் வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். இயல்பாகச் சாப்பிடுகிறவர்கள் வயிறு நிறைந்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டே இருப்பவர்கள், மில்க் ஷேக் குடித்தபின் அதிகம் சாப்பிட்டார்கள். கட்டு ஒருமுறை அறுந்ததும் அவர்களை நிறுத்த எதுவும் இல்லை. பட்டினியே ஒரு நெருக்கடிதான். அதற்கும் உடம்பு கார்டிசாலைத்தான் அனுப்பும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில் வேளைக்குச் சாப்பிட வேண்டும், அதுவும் பகலில். இரவு ஷிப்ட் போகிறவர்கள் பிரதான சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன்பே முடித்துக்கொண்டு, நடு இரவில் அவித்த முட்டை, சுண்டல், வேகவைத்த நிலக்கடலை போல் புரதச் சத்துள்ளதாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். டீயை விட வேண்டியதில்லை, சர்க்கரையைப் பாதியாக்கினால் போதும். கவலைப் பசி வந்ததும் பதினைந்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் 2012-இல் வெளியான ஆய்வில், 15 நிமிடம் வேகமாக நடந்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தவர்கள் சாக்லேட்டை ஏறத்தாழப் பாதிதான் தின்றார்கள். பேசுவதற்கு ஒரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது. திண்ணையில் உட்கார்ந்து புலம்பிய காலத்துக் கவலையெல்லாம் இப்போது பூட்டிய கதவுக்குள் தனியாகத் தின்னப்படுகிறது.

இவையெல்லாம் தனிமனிதர் செய்யக்கூடியவை. அதற்கு மேல் மில் நிர்வாகங்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. வாரம் மாறி வாரம் ஷிப்டைப் புரட்டிப் போடாமல் இருப்பது, ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவே ஒரு முழுத் தூக்கத்துக்கு இடம் விடுவது, கேன்டீனில் வெறும் சோறும் ரசமும் தராமல் முட்டையும் பயறும் சேர்த்துத் தருவது, மேற்பார்வையாளரின் வசவிலிருந்து பெண்களைக் காப்பது. கடைசியாகச் சொன்னது எப்படி உணவுப் பிரச்சினை ஆகும் என்று கேட்பவர்கள், கார்டிசால் எதனால் சுரக்கிறது என்பதை ஒருமுறை யோசிக்க வேண்டும். 2022 ஏப்ரலில், இந்த மாவட்டத்தின் ஓர் ஆடை ஆலையில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தொழிற்சங்கமும் நிறுவனங்களும் செய்துகொண்ட உடன்பாடு 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதையும் ஒரு சுகாதார ஆவணமாகவே படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. ராத்திரி ரகசியமாகத் தின்னும் மகளையோ மருமகளையோ பார்த்து "வாய் அடங்காதா" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு வார்த்தை அடுத்த ராத்திரிக்கு விதை போடும். வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதத்துக்கு மேல், கட்டுப்பாடே இல்லாமல் பெரிய அளவில் தின்பதும் அதை மறைப்பதும் தொடர்ந்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். அதற்கு மருத்துவப் பெயரும் மருத்துவமும் உண்டு. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை அரசு ஆஸ்பத்திரியில் பார்க்கலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவைக்குப் போன் செய்யுங்கள். எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.